நடுவில் சேர்வர் இல்லாமல் நேரடி இணைப்பு: மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஹட்டனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர், பண்டாரவளையில் அதை எடிட் செய்யும் தம்பி, கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே மஸ்கெலியா வீட்டுக் கெமராவைப் பார்க்க நினைப்பவர், சாதாரண தர வினாத்தாள்களைப் பகிர விரும்பும் ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள். என் மெஷினிலிருந்து அவருடைய மெஷினுக்கு நேராகப் போக முடியாதா? நடுவில் எவனோ ஒருவனின் கம்பியூட்டர் எதற்கு? பெரும்பாலான நேரம் முடியும். எப்போது முடியும், எப்போது முடியாது, அதற்கு யாரை நம்ப வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நாட் (NAT) என்றால் என்ன? அது ஏன் வழியை மறிக்கிறது?

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்தில் உள்ள போன், டிவி, கெமரா எல்லாவற்றுக்கும் அது காணாது. முகவரிகளை உலக அளவில் பங்கிடும் ஐயானா, கையிலிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பெப்ரவரியில் கொடுத்து முடித்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து, அதற்குப் பிறகு அளந்து அளந்துதான் கொடுக்கிறது. ஆகவே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை வைக்கும் முறைதான் எங்கும் நடக்கிறது. அந்த முகவரி மாற்றத்துக்குத்தான் நாட் என்று பெயர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லயத்து வீட்டுக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். ஆபீஸில் வாங்கி, பெயரைப் பார்த்து, உரிய லயத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். உங்கள் ரவுட்டர் செய்வதும் அதுதான். ஆனால் இந்த ஆபீஸ் கொஞ்சம் கறார். நீங்கள் முதலில் ஒருவருக்குக் கடிதம் போட்டிருந்தால்தான் அவருடைய பதிலை வாங்கி உங்களிடம் தரும். முன்பின் தெரியாதவர் எழுதியதை அப்படியே எறிந்துவிடும். இரண்டு பக்கமும் இப்படி ஒரு ஆபீஸ் இருந்தால் முதல் கடிதத்தை யார் போடுவது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

எனக்குப் பொது முகவரி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் வரும். பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வேன் ஐபி (WAN IP) என்று ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து, அங்கே தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் ரவுட்டருக்குப் பொது முகவரி இருக்கிறது. நல்ல அதிர்ஷ்டம்.

வேறு வேறாக இருந்தால், முக்கியமாக வேன் எண் 100.64 முதல் 100.127 வரையான ஏதோ ஒன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது உங்கள் வீட்டு ரவுட்டர் ஒருமுறை முகவரியை மாற்ற, கம்பெனியின் பெரிய பெட்டி இன்னொரு முறை மாற்றுகிறது. இந்த எண் வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில கம்பெனிகள் அதற்குப் பதிலாக 10இல் தொடங்கும் தனியார் முகவரியைக் கொடுக்கும், விளைவு ஒன்றுதான்.

மலையகத்தில் தோட்டங்களுக்குள் கேபிள் வராத இடம் நிறைய. அங்கெல்லாம் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வீட்டு இணையம். சிம் இணைப்பு என்றால் சிஜிநாட் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். டவுனில் ஃபைபர் இருக்கிறது, எனவே பொது முகவரி இருக்கும் என்றும் முடிவு கட்ட வேண்டாம். பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் போட்டால் போதாதா?

போர்ட் என்பது முகவரியோடு சேர்ந்து வரும் கதவு எண். வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே இன்ன கருவிக்குக் கொடு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபோர்வர்டிங். மேலே சொன்ன இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் நீங்கள் திறப்பது உங்கள் வீட்டுக் கதவை மட்டும். கம்பெனியின் கதவு மூடியே இருக்கும். யூபிஎன்பி, நாட்-பிஎம்பி போன்ற தானியங்கி வழிகளுக்கும் இதே கதிதான்.

கடையில் கம்பெனி ரவுட்டருக்குக் கீழே இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டியிருப்பவர்கள் கவனியுங்கள். அது இன்னுமொரு முகவரி மாற்றம். கீழே இருப்பதை அக்சஸ் பொயிண்ட் முறைக்கு (வைஃபை மட்டும் கொடுக்கும், முகவரியை மாற்றாது) மாற்றிவிட்டால் ஒரு தொல்லை குறையும்.

அப்படியென்றால் வட்ஸ்அப் கோல் எப்படி வருகிறது?

உங்கள் போன் எப்போதும் வட்ஸ்அப்பின் சேர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. கோல் வரும் செய்தி அந்த வழியாக வரும். அதன் பிறகு இரண்டு போனும் ஒன்றுக்கொன்று நேராகப் பேசப் பார்க்கும். முடியாவிட்டால் குரல் அவர்களுடைய சேர்வர் வழியாகவே சுற்றிப் போகும். குரூப் கோல் எப்போதுமே சேர்வர் வழியாகத்தான். 2023இல் வந்த ஒரு செட்டிங், அழைப்பின்போது ஐபி முகவரியை மறைப்பது, அதைப் போட்டால் இருவர் பேசும் கோலும் சேர்வர் வழியாகவே போகும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அறிமுகம் செய்துவைக்கும் வேலையும் சுமை தூக்கும் வேலையும் இங்கே தனித்தனி. சேர்வர் வேண்டாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டாதது இரண்டாவதுதான்.

நாட் மாற்றத்தைத் தாண்டி நேராகப் போவது எப்படி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

இதற்கு ஹோல் பஞ்சிங் என்று பெயர். எண்களோடு பார்த்தால்தான் புரியும். (கீழே வரும் பொது முகவரிகள் இரண்டும் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசைகளிலிருந்து எடுத்தவை. யாருடையதும் அல்ல.)

மஸ்கெலியா லெப்டொப்பின் உள் முகவரி 192.168.8.20, போர்ட் 51000. அது வெளியே ஒரு பெக்கெட் (தகவலின் சின்னப் பொதி) அனுப்பும்போது நாட் அதை 203.0.113.7, போர்ட் 62011 என்று மாற்றி அனுப்புகிறது. பண்டாரவளையில் இருக்கும் கம்பியூட்டர் அதேபோல 198.51.100.40, போர்ட் 33870 என்று வெளியே தெரிகிறது. இந்த வெளி எண்கள் லெப்டொப்புக்கே தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் உள் முகவரி மட்டும். ஆகவே வெளியே நிற்கும் யாராவது ஒருவரிடம் "நான் உனக்கு எப்படித் தெரிகிறேன்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கும் பதிலுக்குமான முறைதான் ஸ்டன். 2003இல் வந்தது, 2020இல் கடைசியாகத் திருத்தி எழுதப்பட்டது. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான்.

சரி, இரண்டு பேருக்கும் தங்கள் வெளி எண் தெரிந்துவிட்டது. அதை ஏதோ ஒரு வழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போது மஸ்கெலியா லெப்டொப் 198.51.100.40:33870க்கு ஒரு பெக்கெட் அனுப்புகிறது. பண்டாரவளை ரவுட்டர் அதை ஏற்காது. அந்த ஆளுக்கு உள்ளேயிருந்து யாரும் எதுவும் அனுப்பவில்லையே. அந்தப் பெக்கெட் செத்தது. ஆனால் அது வெளியே போன வழியில், மஸ்கெலியா நாட் வைத்திருக்கும் அட்டவணையில் ஒரு வரி எழுதப்பட்டுவிட்டது: 198.51.100.40:33870இலிருந்து பதில் வந்தால் உள்ளே விடு. அடுத்த கணம் பண்டாரவளைக் கம்பியூட்டர் தன் பெக்கெட்டை அனுப்புகிறது. மஸ்கெலியா நாட் அட்டவணையைப் பார்க்கிறது, எதிர்பார்த்த ஆள்தான், உள்ளே விடுகிறது. பண்டாரவளைப் பக்கமும் இந்த நேரத்துக்குள் தன் அட்டவணையில் வரி எழுதிவிட்டது. இனி இரண்டு திசையிலும் வழி திறந்திருக்கும்.

முதல் பெக்கெட் வீணாகப் போவதுதான் இதன் இரகசியம். அதனால்தான் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், பல தடவை தட்டுகின்றன. எந்த முகவரிகளை எந்த ஒழுங்கில் முயற்சிப்பது என்பதற்கு ஐஸ் என்ற முறை இருக்கிறது. பிரவுசரில் வீடியோ கோல் செய்யும்போது நடப்பது அதுதான். முதலில் உள் முகவரி, பிறகு வெளி முகவரி, ஒன்றுமே சரிவராவிட்டால் ரிலே, அதாவது நடுவில் ஒரு சேர்வர் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுப்பது.

திறந்த வழி சும்மா விட்டால் மூடிவிடும். யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் பெக்கெட்டை நேராக அனுப்பும் முறை) வரி ஒன்றைக் குறைந்தது இரண்டு நிமிடமாவது நாட் வைத்திருக்க வேண்டும் என்று 2007இல் வந்த விதி சொல்கிறது. கைக்கு வரும் ரவுட்டர்களில் பல 30 விநாடியிலேயே அழித்துவிடும். வயர்கார்ட் (கருவிகளுக்கு இடையே பூட்டிய தனி வழி அமைக்கும் மென்பொருள்) போன்றவற்றில் 25 விநாடிக்கு ஒருமுறை வெறும் பெக்கெட் அனுப்பும் செட்டிங் இருப்பது இதற்காகத்தான்.

இது எப்போதும் வேலை செய்யுமா?

இல்லை. ஃபோர்ட், ஸ்ரீசுரேஷ், கெகல் என்ற மூவர் 2005இல் பலவகை நாட் பெட்டிகளைச் சோதித்தபோது யூடிபியில் சுமார் 82 வீதமும் டிசிபியில் (முதலில் இணைப்பை ஏற்படுத்திய பிறகே அனுப்பும் முறை) சுமார் 64 வீதமும் இதற்கு இடம் கொடுத்தன. அது வீட்டு ரவுட்டர்களின் காலம். சிம் இணைப்புகள் வேறு கதை. ஆனாலும் யூடிபிதான் நல்லது என்பது இன்றும் மாறவில்லை.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: சில நாட் பெட்டிகள் நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து வெளி போர்ட்டை மாற்றும். ஸ்டன் சேர்வருக்கு 62011 என்று தெரிந்தது பண்டாரவளைக்கு 40877 என்று தெரியும். ஸ்டன் சொன்ன எண்ணை வைத்து நண்பர் தட்டினால் வேறு கதவைத் தட்டுகிறார். இதை சிமெட்ரிக் நாட் என்பார்கள். கண்டுபிடிப்பது எளிது: ஒரே உள் போர்ட்டிலிருந்து இரண்டு வெவ்வேறு ஸ்டன் சேர்வர்களைக் கேளுங்கள். ஒரே எண் வந்தால் நல்ல நாட், வேறு எண் வந்தால் கடினமான நாட்.

ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கடினம் என்றால் கணக்கை நம்பி ஒரு முயற்சி செய்யலாம். கடினமான பக்கம் 256 போர்ட்களைத் திறந்து வைக்கட்டும். மற்றப் பக்கம் எழுந்தமானமாகத் தட்டட்டும். மொத்தம் 65,536 போர்ட் என்பதால் ஒவ்வொரு தட்டுக்கும் 256இல் ஒரு பங்கு வாய்ப்பு. 174 தட்டில் பாதிக்குப் பாதி, 1024 தட்டில் 98 வீதம். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் கடினம் என்றால் விட்டுவிடுங்கள், ரிலேதான்.

இன்னொரு வேடிக்கை: ஹட்டனிலும் கொட்டகலையிலும் இருவரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருந்தால் சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். சில வேளை அதுதான் கஷ்டம். இருவரும் ஒரே பெரிய பெட்டிக்குப் பின்னால் இருக்கும்போது, வெளி முகவரிக்கு அனுப்பிய பெக்கெட்டை அந்தப் பெட்டி திருப்பி உள்ளே அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பெட்டிகளும் உண்டு. ஒருவர் வேறு கம்பெனி சிம்மை மாற்றிப் போட்டுப் பார்த்தால் உடனே விடை கிடைக்கும்.

சேர்வரே இல்லாமல் முழுக்க முழுக்கச் செய்ய முடியாதா?

இணையத்தின் ஊடாக, இரண்டு பக்கமும் நாட் இருக்கும்போது, முதல் அறிமுகத்துக்கு மூன்றாவது ஒருவர் வேண்டும். 'சேர்வரே இல்லை' என்று விளம்பரம் செய்யும் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அந்த மூன்றாவது ஆள் யார் என்று தேடுங்கள். எங்கேயாவது இருப்பார். அவர் ஒரு கம்பெனியா, ஆயிரக்கணக்கான ஊர் பெயர் தெரியாதவர்களா, உங்கள் சிநேகிதரா என்பதில்தான் வித்தியாசம்.

ஃபைல் பகிரும் பிட்டொரண்ட் 2005இலிருந்து செய்வது ஆயிரக்கணக்கானவர்கள் வழி. கடெம்லியா என்ற முறையில், 2002இல் மேமூன்கோவ், மசியேர் இருவரும் எழுதியது, ஒவ்வொரு கணினிக்கும் 160 பிட் நீளமான ஒரு எண். யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல், அந்த எண்ணுக்குக் கிட்டிய எண் உள்ளவர்களிடம் சிதறி இருக்கும். ஒருவர் போனால் இன்னொருவரிடம் கேட்கலாம். நிறுத்துவதற்கு நடுவில் ஒரு சுவிட்ச் கிடையாது. ஆனால் இந்த வலையில் முதன்முதலாக நுழைய ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவருடைய முகவரி வேண்டும். அப்புறம், நாட் ஒன்றுக்குப் பின்னால் இருப்பவர்கள் கேட்கலாமே தவிர மற்றவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது. பொது முகவரியோடு நிற்கும் சிலர்தான் எல்லோருடைய சுமையையும் தூக்குகிறார்கள்.

ஸ்கைப்பின் கதையும் இதுதான். 2003இல் தொடங்கியபோது நல்ல இணைப்பு உள்ள பயனாளர்களின் கணினிகளையே சூப்பர்நோட் என்று ஆக்கி மற்றவர்களின் அழைப்புகளை ஏற்படுத்தியது. 2010 டிசம்பரில் அந்தச் சூப்பர்நோட்கள் கூட்டமாக விழுந்தபோது ஸ்கைப்பும் விழுந்தது. 2012இல் அவற்றை மைக்ரோசொஃப்ட் தன் சொந்த சேர்வர்களுக்கு மாற்றியது. 2025 மே மாதம் ஸ்கைப்பே மூடப்பட்டது.

மூன்றாம் ஆளே வேண்டாம் என்று ஒரு சாமர்த்தியமும் உண்டு. சாமி கம்கார் 2010இல் வெளியிட்ட போநாட் (pwnat), ஒரு பக்கத்திலிருந்து, யாரும் பதில் சொல்லாத ஒரு முகவரிக்குப் பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் பெக்கெட்) அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுபக்கத்தில் இருப்பவர், நடுவழியில் ஒரு ரவுட்டர் 'உன் பெக்கெட் காலாவதியாகிவிட்டது' என்று சொல்வதுபோல ஒரு பொய்ச் செய்தியை அனுப்ப, நாட் அதை நம்பி உள்ளே விடும். ரசிக்கலாம். ஆனால் ஒருவருடைய வெளி முகவரி முன்பே தெரிந்திருக்க வேண்டும், போர்ட் எண்ணை மாற்றாத வகை நாட் ஆகவும் இருக்க வேண்டும். சிம் ரவுட்டருக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

நான் சொல்வது, சிநேகிதர் வழி. பத்துப் பேர் சேர்ந்து பொது முகவரி உள்ள ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சேர்வர்) எடுக்கலாம். அல்லது உங்கள் கூட்டத்தில் யாருடைய வீட்டுக்காவது பொது முகவரி இருந்தால் அங்கே ஒரு ராஸ்பெரி பை (கையளவுக் கணினி) வைக்கலாம். அறிமுகம் அங்கே நடக்கட்டும், சுமை நேராகப் போகட்டும்.

ரிலே வழியாகப் போனால் என் ஃபைலை அவர்கள் பார்க்க மாட்டார்களா?

இரண்டு முனையிலும் மட்டும் பூட்டித் திறக்கும் மென்பொருளாக இருந்தால் பார்க்க முடியாது. யார் யாரோடு, எப்போது, எவ்வளவு என்பது தெரியும். நேரடி இணைப்பில் அதுவும் தெரியாது, ஆனால் உங்கள் ஐபி முகவரி எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும். தெரியாத ஆளோடு இணைவதென்றால் இதை யோசியுங்கள். வீட்டாரோடு என்றால் கவலையே இல்லை.

ஐபிவி6 வந்தால் இந்தத் தொல்லை தீருமா?

பாதி தீரும். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் முகவரிக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. ஸ்டன் கேட்க வேண்டியதில்லை, போர்ட் மாறுவதில்லை. ஆனால் ரவுட்டரிலும் கம்பெனியிலும் ஃபயர்வோல் இருக்கும், அது கேட்காமல் வருவதை மறிக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டும் வேலை மிச்சம் இருக்கிறது. எண் மாறாததால் அது கிட்டத்தட்ட எப்போதும் பலிக்கும்.

போனின் ஏபிஎன் (சிம் இணையத்தோடு இணையும் விதத்தைக் குறிக்கும்) செட்டிங்கில் ஐபிவி4 மட்டும் என்று இருந்தால் இரண்டும் என்று மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஐபிவி6 கிடைத்தால் மேலே எழுதிய கஷ்டங்களில் முக்கால்வாசியை மறந்துவிடலாம்.

எதைப் போட்டுக்கொள்வது?

வேலையைப் பொறுத்தது. ஃபோல்டர்களை ஒத்திசைக்க வேண்டும் என்றால் சிங்திங். ஸ்டூடியோக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான். கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து எண்களால் ஆன ஒரு அடையாளம் வரும், அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால் போதும். அறிமுகத்துக்குப் பொதுவான சேர்வர்களும், முடியாதபோது தொண்டர்கள் நடத்தும் ரிலேக்களும் உண்டு. இரண்டையும் நிறுத்திவிட்டு உங்கள் சொந்த சேர்வரையும் வைக்கலாம். ரிலே மெதுவாக இருக்கும், திரையில் 'ரிலே' என்று காட்டினால் நேரடி வழி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. போனில் சிங்திங் ஃபோர்க் என்ற பெயரில் மற்றவர்கள் தொடரும் பதிப்பைப் போடுங்கள்.

வீட்டுக் கெமராவைப் பார்க்க, கடைக் கணினியைத் தொட, வயர்கார்ட் அல்லது அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல். டெயில்ஸ்கேல் ஹோல் பஞ்சிங்கை நன்றாகச் செய்யும்; அறிமுகம் அந்தக் கம்பெனியின் கையில். அது பிடிக்காவிட்டால் அறிமுகப் பகுதியை ஹெட்ஸ்கேல் கொண்டு நீங்களே நடத்தலாம். வெறும் வயர்கார்ட் மட்டும் போட்டால் பொது முகவரி உள்ள ஒரு முனை கட்டாயம் வேண்டும்.

எந்த வகை நாட் இருந்தாலும் பலிக்க வேண்டும், வேகம் முக்கியமில்லை என்றால் டோர் (பல கணினிகள் வழியாகச் சுற்றிப் போகும் வலை) வழியாக, அதற்குள் மட்டும் செல்லும் ஆனியன் முகவரி ஒன்றைத் திறக்கலாம். இரண்டு பக்கமும் வெளியே மட்டும்தான் இணைகின்றன, நடுவில் சந்திக்கின்றன, அதனால் நாட் ஒரு பொருட்டே இல்லை. பொதுவாக ஆறு கணினிகளைத் தாண்டிப் போவதால் வீடியோவுக்கு உதவாது. எழுத்துக்கும் சின்ன ஃபைலுக்கும் தாராளமாகப் போதும்.

டேட்டா எவ்வளவு போகும்?

வழியைத் திறந்து வைக்கும் வெறும் பெக்கெட்டுகளுக்குப் பயப்பட வேண்டாம். 25 விநாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 3,456. ஒன்று 60 பைட் அளவு. மொத்தம் 200 கிலோபைட் சொச்சம். போனின் பேட்டரிதான் கொஞ்சம் அடிபடும்.

பெரிய ஃபைல்தான் விஷயம். ஒரு கல்யாணத்துக்கு 60 ஜிபி வீடியோ என்று வையுங்கள். அப்லோட் 5 எம்பிபிஎஸ் கிடைத்தால் 26 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அதற்குள் ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் ஒரு ஹார்ட் டிஸ்க் போய்த் திரும்பியும் வந்துவிடும். ஆகவே எடிட் செய்பவருக்கு முதலில் சின்ன அளவில் மாற்றிய பிரதிகளை நேரடி இணைப்பில் அனுப்புங்கள், அசல் டிஸ்க்கில் போகட்டும். இரவு டேட்டா தனியாகத் தரும் பெக்கேஜ் என்றால் சிங்திங்கை நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஓடவிடுங்கள்.

ஒரே லயத்தில், ஒரே பாடசாலையில் இருப்பவர்களுக்கு?

அங்கே டேட்டாவே தேவையில்லை. ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று தாங்களே கண்டுபிடிக்கும், "யார் இருக்கிறீர்கள்?" என்று உள் வலையில் கூவும் முறை, எம்டிஎன்எஸ், போன், பிரிண்டர் எல்லாவற்றிலும் இருக்கிறது. சிங்திங்கும் தன் வழியில் அதையே செய்யும். வினாத்தாள் ஃபோல்டரை ஒரு ஆசிரியர் டவுனில் டவுன்லோட் செய்து கொண்டுவந்து, பாடசாலை வைஃபையில் இணைத்தால் முப்பது போனுக்கும் அது பரவும். சிம் இல்லாத பழைய ரவுட்டரே போதும், இணையம் வராவிட்டாலும் பரவாயில்லை. இது வேலை செய்யாவிட்டால் ரவுட்டரில் கருவிகளைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் செட்டிங் போட்டிருக்கும். கெஸ்ட் வைஃபையில் அது பெரும்பாலும் போட்டே வரும்.

இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கினால் இது உதவுமா?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்படிக் குறிப்பிட்ட செயலிகளை மட்டும் மறிக்கும்போது உங்கள் சொந்த நேரடி இணைப்பு தொடர்ந்து வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் மறிப்பவர்களுக்கு உங்கள் சின்ன விபிஎஸ் தெரியாது. இணையத்தையே அறுத்தாலோ, மண்சரிவில் கரண்டும் டவரும் போனாலோ எந்த ஹோல் பஞ்சிங்கும் உதவாது. அப்போது மிஞ்சுவது அருகருகே உள்ள போன்களுக்கு இடையிலான புளூடூத், வைஃபை மட்டும். பிரையர் என்ற ஆண்ட்ராய்டு செயலி இரண்டையும் பயன்படுத்தும், இணையம் இருந்தால் டோர் வழியாகவும் போகும். ஆனால் தொடர்புகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் குடும்பத்துக்குள் ஒருமுறை செய்து பாருங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

உங்கள் ஃபைலை உங்கள் ஆளுக்கு அனுப்புவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. புதுப்படத்தைப் பரப்புவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வரும், எந்த வழியில் அனுப்பினாலும்.

நேற்று வேலை செய்தது, இன்று ரிலேயில் போகிறது. எங்கே பார்ப்பது?

முதலில் ஒரு போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள், வேறு கம்பெனி சிம்மாக இருந்தால் நல்லது. நேரடி வழி வந்துவிட்டால் பிரச்சினை உங்கள் வழக்கமான இணைப்பில். அப்புறம் ரவுட்டரின் வேன் எண்ணைப் பாருங்கள். நேற்றுப் பொது முகவரியாக இருந்தது இன்று 100.64 வரிசைக்கு மாறியிருக்கலாம். கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்கும்போது "இணையம் சரியில்லை" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "எனக்குப் பொது ஐபி வேண்டும், மாதம் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள்.

ரவுட்டரை அணைத்துப் போடுவதென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். வயர்கார்ட் போன்றவை ஒரு பக்கத்து முகவரி மாறினால் மறுபக்கத்திலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மாறிவிட்டால் பழையபடி அறிமுகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மஸ்கெலியாவில் முடித்து, இணைப்பு வந்துவிட்டது என்று போன் வந்த பிறகு பண்டாரவளையில் அணையுங்கள்.